இரும்புத் தாதுக் கழிவிலிருந்து மறுபடியும் இரும்பு எடுக்க முடியுமா?

முடியும். தாதுவை அரைத்துக் கழுவி, இரும்பு மிகுந்த பகுதியைப் பிரித்தபின் மிஞ்சும் சேறுதான் தாதுக் கழிவு. பல இடங்களில் அது செக்கச்செவேலென்று இருக்கும். விரலில் தேய்த்தால் மாவாக வழுக்கும். அந்தச் சிவப்பே உள்ளே தங்கிவிட்ட இரும்பு ஆக்சைடின் நிறம்தான்.

ஏன் தங்குகிறது? கலங்கிய தண்ணீரை வாளியில் வைத்துப் பாருங்கள். மணல் சட்டென்று அடியில் இறங்கும், வண்டல் மணிக்கணக்கில் மிதக்கும். நுண்துகளான இரும்புத் தாதுவும் அப்படித்தான் கழுவும் நீரோடு போய்விடுகிறது. இன்னும் கொஞ்சம் தாது, மணலின் முக்கியப் பொருளான சிலிக்காவோடு பிணைந்தே கிடக்கும். அதை மேலும் அரைத்தால்தான் விடுபடும்.

மீட்கக் காந்தம் உதவுகிறது. மேக்னடைட், ஹேமடைட் இரண்டும் இரும்பு ஆக்சைடு கனிமங்கள். மேக்னடைட் சாதாரணக் காந்தத்திலேயே ஒட்டும். ஹேமடைட்டுக்கு மிக வலுவான காந்தப்புலம் வேண்டும். அல்லது காற்றை மட்டுப்படுத்தி, கரியோடு சேர்த்துச் சூடாக்கினால் ஹேமடைட்டே மேக்னடைட்டாக மாறிவிடும். எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது! கிடைக்கும் பொடியை அப்படியே, சூடான காற்றை ஊதி இரும்பு எடுக்கும் ஊதுலையில் போட்டால் காற்றோட்டம் அடைபடும். அதனால் உருண்டைகளாக்கிச் சுடுகிறார்கள்.

இந்தக் கழிவைக் குறைப்பது உயிர் சார்ந்த விஷயமும்கூட. 2019-இல் பிரேசிலின் புருமாடின்யோவில் இரும்புத் தாதுக் கழிவைத் தேக்கிவைத்த அணை உடைந்து சுமார் 270 பேர் இறந்தார்கள்.

இப்படி மீட்பது உலோக இரும்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது செறிவூட்டிய தாதுதான், உலையில் ஆக்சிஜனை நீக்கிய பிறகே இரும்பாகும்.