காணி மகளுக்கே சேர

கேள்வி: எனக்கு 52 வயது. கொட்டகலையில் கொழுந்து பறிக்கிறேன். கணவர் இறந்துவிட்டார். மகன் கொழும்பில், கல்யாணமாகாத மகள் என்னோடு. என் பெயரில் 8 பேர்ச் காணி இருக்கிறது. அது மகளுக்கே சேர என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, அப்படியே விட்டால் இருவருக்கும் பாதிப் பாதி. மகளுக்கே என்றால் உயில் எழுதுங்கள். நொத்தாரிசும் (உறுதி, உயில் எழுதிச் சான்றளிப்பவர்) இரண்டு சாட்சிகளும் வேண்டும். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள். மகனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பிறகு தெரிந்து, அண்ணன் தங்கை பேசாமலே போன குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். லயன் வீடு (தொழிலாளர் வரிசை வீடு) தோட்டத்துடையது, அதை எழுதிக் கொடுக்க முடியாது. அப்புறம், இ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பணத்தைப் பெற நியமிக்கப்பட்டவராகக் கணவர் பெயரே இன்னும் இருக்கலாம், பார்த்து மாற்றுங்கள். மகளும் உயில் எழுதினால், கல்யாணத்துக்குப் பிறகு புதிதாக எழுதட்டும். திருமணத்தோடு பழையது செல்லாமல் போய்விடும்.