கிளவுட் மென்பொருளும் நிறுவனக் கட்டமைப்புத் திட்டமும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்கள் நிறுவனத்தில் கணக்கு, சம்பளம், விற்பனை மூன்றும் சந்தா முறையிலான கிளவுட் மென்பொருளுக்கு, அதாவது வழங்குநரின் சர்வரில் இயங்கி இணையம் வழியே நாங்கள் பயன்படுத்தும் மென்பொருளுக்கு, மாறிவிட்டன. இனி, மென்பொருள், சர்வர், தரவு ஆகியவற்றை எப்படி அமைத்து இணைப்பது என்று வகுக்கும் ஐந்தாண்டுக் கட்டமைப்புத் திட்டம் எதற்கு என்று நிர்வாகம் கேட்கிறது. என்ன சொல்வது?

பதில்: சர்வர் வாங்கும் கணக்கு உங்கள் திட்டத்திலிருந்து போய்விட்டது உண்மைதான். அந்த மூன்று மென்பொருள்களின் உட்புறத்தை நீங்கள் தொட முடியாது என்பதால், அவற்றுக்கு இடையில் இருப்பவை மட்டுமே இப்போது உங்கள் பொறுப்பு. சிக்கல்களும் அங்கேதான் பிறக்கின்றன. புதிய பணியாளர் சேரும்போது அவருடைய பதிவு முதலில் எந்த மென்பொருளில் உருவாகிறது, மற்றவை அதை எவ்வழியாகப் பெறுகின்றன, அவர் விலகும் நாளில் எல்லா லாகின்களும் ஒருசேர மூடப்படுகின்றனவா என்பதைத் திட்டம் தீர்மானிக்க வேண்டும். நான் பணியாற்றிய ஓரிடத்தில், ஒரு துறை தன் பொறுப்பில் தனியாகச் சந்தா கட்டி வாங்கிய விற்பனை மென்பொருளுக்குள், வேலையை விட்டுச் சென்றவர் பல மாதங்கள் நுழைய முடிந்தது. அந்த மென்பொருள் எங்கள் கட்டமைப்பு வரைபடத்திலேயே இல்லை.

கேள்வி: வழங்குநர்கள் அனைவரும் 99.9 சதவீத இயங்குநேரத்துக்கு உறுதி தருகிறார்கள். அது போதாதா?

பதில்: 30 நாள் மாதத்தில் 99.9 சதவீதம் என்றால் ஏறத்தாழ 43 நிமிட நிறுத்தத்துக்கு இடமுண்டு. ஒரு விற்பனை ஆணை நிறைவேற ஐந்து மென்பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்க வேண்டும், அவை தனித்தனி நேரங்களில் நின்றுபோகக்கூடியவை என்று கொண்டால், மொத்த இயங்குநேரம் 99.5 சதவீதமாக இறங்கிவிடும். அதாவது மாதத்துக்கு மூன்றரை மணி நேரத்துக்கு மேல் நிறுத்தம். வழங்குநர் தரும் இழப்பீடு பெரும்பாலும் அடுத்த கட்டணத்தில் ஒரு கழிவாகவே வரும். உங்கள் வணிக இழப்பை அது ஈடுசெய்யாது. ஆகவே ஒன்று நின்றாலும் ஆணைகள் வரிசையில் காத்திருந்து பின்னர் தொடரும்படி இணைப்புகளை அமையுங்கள்.

கேள்வி: தரவை வழங்குநரே பல இடங்களில் நகலெடுத்து வைக்கிறார். தனியாக பேக்கப் எடுப்பது வீண் செலவு இல்லையா?

பதில்: இதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியத்தில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உள்ளனர். கூகுள் கிளவுடில் அந்த நிதியத்துக்கென்று ஒதுக்கிய தனி மேகத்தை (பிரைவேட் கிளவுட்) உருவாக்கியபோது கூகுளின் ஓர் உள்ளகக் கருவியில் ஒரு மதிப்பு நிரப்பப்படாமல் விடப்பட்டது. அதனால் ஓராண்டுக் கால வரம்பு தானாகவே பதிந்து, அந்த ஆண்டு முடிந்ததும், 2024 மே மாதத்தில், அந்த மேகம் அழிக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு வாரம் உறுப்பினர்களால் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. வேறொரு வழங்குநரிடமும் பேக்கப் வைத்திருந்தது மீட்புக்குப் பெரிதும் உதவியது. பல இடங்களில் உடனுக்குடன் எடுக்கப்படும் நகல் வன்பொருள் பழுதிலிருந்து காக்கும். ஆனால் தவறான அழிப்புக் கட்டளை வந்தால், அதுவும் உடனுக்குடன் எல்லா நகல்களையும் சென்றடையும். எனவே பேக்கப் வேறு கணக்கில், வேறு அதிகாரத்தின் கீழ், இயன்றால் வேறு நிறுவனத்திடம் இருக்க வேண்டும். இந்தச் செலவைக் குறைக்க நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: பழைய மென்பொருளில் எங்களுக்கென்று செய்த மாற்றங்களைப் புதியதிலும் செய்யலாமா?

பதில்: இயன்றவரை வேண்டாம். எடுத்துக்காட்டாக, விற்பனைக்கான கிளவுட் மென்பொருளான சேல்ஸ்ஃபோர்ஸ் ஆண்டுக்கு மூன்று பெரிய பதிப்புகளை வெளியிடுகிறது. ஒவ்வொரு முறையும் உங்கள் மாற்றங்கள் பழுதாகலாம். அந்த நாட்களைத் தள்ளிப்போட உங்களுக்கு அதிகாரம் இல்லை. உங்கள் தொழிலின் தனித்தன்மையைச் சார்ந்தவற்றை மட்டும் அந்த மென்பொருளுக்கு வெளியே தனி நிரலாக எழுதி, ஏபிஐ (மென்பொருள்கள் தமக்குள் தரவைப் பரிமாறும் வாயில்) வழியாக இணையுங்கள். மற்றவற்றில் மென்பொருளின் நடைமுறைக்கே மாறிவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் வங்கித் துறை. எங்களுக்குத் தனி விதிகள் உண்டா?

பதில்: கட்டணப் பரிவர்த்தனைத் தரவு இந்தியாவுக்குள்தான் சேமிக்கப்பட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2018 ஏப்ரல் உத்தரவு. தகவல் தொழில்நுட்பப் பணிகளை வெளியில் ஒப்படைப்பது பற்றிய அவ்வங்கியின் நெறிமுறை, வழங்குநரை விட்டு விலகும் வழியையும் முன்கூட்டியே வகுக்கச் சொல்கிறது. ஆகவே தரவு எந்த ஊரில் தங்குகிறது என்பதை விலையைப் பேசுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: விலகும் வழி என்பது ஒப்பந்தத்தில் ஒரு பத்திதானே?

பதில்: ஒப்பந்தத்தில் எழுதினால் போதாது, செய்து பார்க்க வேண்டும். முற்றிலும் விலகும் வாடிக்கையாளர்களுக்குத் தரவை வெளியே எடுக்கும் கட்டணத்தை கூகுளும் அமேசானும் 2024இல் நீக்கிவிட்டன. கடினமான பகுதி வேறு: பதிவுகளோடு இணைத்த கோப்புகள், ஒப்புதல் வரலாறு, யாருக்கு என்ன அனுமதி என்ற விவரம் ஆகியவை வெறும் அட்டவணையாக வெளியே வரும்போது ஒன்றோடொன்று தொடர்பற்றுப் போகும். ஆண்டுக்கு ஒருமுறை முழுத் தரவையும் வெளியே எடுத்து ஒரு சாதாரணத் தரவுத்தளத்தில் ஏற்றுங்கள். ஒரு வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுத்து, அவருடைய மூன்றாண்டு வரலாற்றை வழங்குநரின் திரையைத் திறக்காமல் உங்கள் கணக்காளரால் வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள்.