கோரலிலிருந்து போட்டோஷாப்புக்கு: படம் ஏன் உடைகிறது?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கோயில் கொடை நோட்டீஸுக்காகக் கோரல்டிராவில் வரைந்த அம்மன் படத்தை காப்பி செய்து போட்டோஷாப்பில் பேஸ்ட் செய்தால் ஓரமெல்லாம் பல் பல்லாகத் தெரிகிறது. ரெசல்யூஷனை 300 ஆக்கியும் சரியாகவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: 300 ஆக்கியது சரிதான், ஆனால் நேரம் தாண்டிவிட்டது. கோரலில் அந்தப் படம் வெறும் கோடுகள். எவ்வளவு இழுத்தாலும் உடையாது. பேஸ்ட் ஆகும்போது அது பிக்சலாகிறது, அதாவது சின்னச் சின்னப் புள்ளிகளாகிறது, எத்தனை பிக்சல் என்பதும் அந்த நொடியிலேயே முடிவாகிவிடுகிறது. ரெசல்யூஷன் என்பது ஒரு அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற கணக்கு. 4 அங்குல அகலப் படம் 72-இல் வந்து விழுந்தால் கிடைப்பது 288 பிக்சல். ஆப்செட் அச்சுக்குத் தேவையான 300-இல் அதுவே 1,200. பிறகு 300 என்று மாற்றினால், இல்லாத பிக்சல்களை போட்டோஷாப் ஊகித்து நிரப்பும். பல் போய் மங்கல் வரும். பிக்சல் எண்ணிக்கையை மாற்றும் 'ரீசாம்பிள்' டிக்கை எடுத்துவிட்டு மாற்றினாலோ, அதே 288 பிக்சல் ஒரு அங்குலத்துக்கும் குறைவாகச் சுருங்கிவிடும்.

இந்த இரண்டு மென்பொருளுக்கும் நடுவே காப்பி-பேஸ்ட்டை நான் நம்புவதே இல்லை. முதலில் போட்டோஷாப்பில் நோட்டீஸின் அசல் அளவில் 300 ரெசல்யூஷனில் புது பைல் திறங்கள். ஏ4 என்றால் 2480 × 3508 பிக்சல் வரும். கோரலில் அம்மனை மட்டும் செலக்ட் செய்து பிடிஎப்பாகச் சேமியுங்கள். கூடவே தமிழ் எழுத்து இருந்தால் முன்னதாகவே கண்ட்ரோல்+கியூ அழுத்தி கர்வ் (எழுத்தாக இல்லாமல் வெறும் கோடு) ஆக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பான்ட் காலை வாரும். அப்புறம் அந்த பிடிஎப்பை 'பிளேஸ் எம்பெடட்' வழியாகக் கொண்டுவாருங்கள். ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக, அதாவது அசல் கோடுகளை உள்ளே வைத்துக்கொண்டே, உட்காரும். பெரிதாக்கினாலும் கோட்டிலிருந்தே மறுபடி பிக்சல் எடுத்துக்கொள்ளும். ராஸ்டரைஸ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், கோடு போய் வெறும் பிக்சலாகிவிடும்.

இல்லஸ்ட்ரேட்டரில் வரைபவர்களுக்கு இந்தச் சுற்று வேண்டாம். பேஸ்ட் செய்யும்போதே போட்டோஷாப் கேட்கும். 'பிக்சல்ஸ்' வேண்டாம், 'ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்' கொடுங்கள்.

போட்டோவை கோரலுக்குக் கொண்டுபோகும்போதும் இம்போர்ட்தான் நல்லது. படத்தை செலக்ட் செய்தால் கீழே ஸ்டேட்டஸ் பாரில் டிபிஐ (அதே ரெசல்யூஷன் எண்) தெரியும். 300-இல் வந்த படத்தை இரண்டு மடங்கு இழுத்தால் அது 150 ஆகிவிடும், அச்சுக்கு அனுப்புமுன் அங்கே ஒரு பார்வை பாருங்கள்.

கொடைக்கு பிளெக்ஸும் கேட்பார்கள். அதற்கு 300 வேண்டியதில்லை. 10 × 6 அடி பேனரை 300-இல் திறந்தால் அகலமே 36,000 பிக்சல். போட்டோஷாப்பின் பிஎஸ்டி பைல் 30,000-க்கு மேல் தாங்காது, கம்ப்யூட்டரும் திணறும். தூரத்திலிருந்து பார்ப்பதற்கு அசல் அளவில் 72 தாராளம்.