ரசம் வழிவதுகூடத் தெரியவில்லை, டாக்டர்!

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். என் மகளுக்கு 23 வயது. கீழ்த்தாடை துருத்திக்கொண்டு இருந்ததால் மேல், கீழ் இரண்டு தாடையிலும் ஆபரேஷன் செய்து 7 வாரம் ஆகிறது. கீழுதடும் மோவாயும் இன்னும் மரத்தே கிடக்கின்றன. ரசம் வழிந்து சுடிதாரில் சொட்டிய பிறகுதான் அவளுக்கே தெரிகிறது. கண்ணாடியைப் பார்த்தால் அழுகிறாள். ஆபரேஷனில் ஏதும் தவறு நடந்துவிட்டதா?

பதில்: அம்மா, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் தொடு உணர்வு தரும் நரம்பு, கீழ்த்தாடை எலும்புக்குள் இருக்கும் ஒரு குழாய் வழியாகத்தான் ஓடுகிறது. தாடையைப் பின்னுக்குத் தள்ள, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் எலும்பை இரண்டு ஏடாகப் பிளந்து, நகர்த்தி, டைட்டானியம் தகடு, ஸ்குரு போட்டுப் பொருத்துகிறார்கள். ட்ரவுனர், ஓப்வெகேசர் என்ற இரண்டு சர்ஜன்கள் 1957-ல் எழுதிய முறை இது. பிறகு எத்தனையோ திருத்தங்கள் வந்துவிட்டன. ஆனாலும் நரம்பை ஒட்டியே வேலை செய்ய வேண்டியிருப்பது மாறவில்லை. அது இழுபடும், வீங்கும். ஆகவே ஆரம்பத்தில் மரத்துப்போவது பெரும்பாலோருக்கு நடப்பதுதான்.

உணர்வு திரும்பி வர 6 மாதம் முதல் ஒரு வருடம்வரை ஆகலாம். சிலருக்கு ஓரிடத்தில் மந்தம் நிரந்தரமாகவே தங்கிவிடும். அதை நான் மறைக்கப்போவதில்லை. வயது ஏற ஏற அந்த வாய்ப்பு கூடும், உங்கள் மகளோ சின்ன வயது. உதட்டை அசைக்கும் நரம்பு வேறு. அதனால் பேசவும் சிரிக்கவும் உதடு சரியாக அசைய வேண்டும். ஒரு பக்கம் கோணினால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒரு நாள் எறும்பு ஊர்கிற மாதிரி, சுருக்கென்று குத்துகிற மாதிரி இருக்கிறது என்பாள். பயந்துவிடாதீர்கள், நரம்பு விழிக்கும்போது அப்படித்தான் இருக்கும். அதுவரை எவர்சில்வர் டம்ளரில் கொதிக்கக் கொதிக்கக் காபி வேண்டாம். விளிம்பு உதட்டைச் சுட்டாலும் தெரியாமல் கொப்புளம் வந்துவிடும், பார்த்திருக்கிறேன். தினமும் சில தடவை கண்ணாடி முன் உட்கார்ந்து, பஞ்சாலும் மெத்தென்ற பிரஷ்ஷாலும் உதட்டை வருடி, எந்தப் பக்கம் வருடுகிறோம் என்று கவனிக்கச் சொல்லுங்கள். பி12 மாத்திரை கொடுத்திருந்தால் சாப்பிடட்டும், ஆனால் அது மட்டுமே நரம்பை மீட்டுவிடாது.

இதையெல்லாம் ஆபரேஷனுக்கு முன்பே உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். கையெழுத்து வாங்கும் தாளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தால் போதுமா? நீங்கள் இப்படிப் பதறுவதைப் பார்த்தால் யாரும் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். எனக்கு அது வருத்தம்தான்.

அப்புறம் அந்த அழுகை. 7 வாரத்தில் முகம் இன்னும் முழுதாக வடிந்திருக்காது. மிச்ச வீக்கம் போய், இதுதான் என் முகம் என்று பழக மாதங்கள் பிடிக்கும். வாரக்கணக்கில் கஞ்சியும் ஜூஸுமாக இருந்து எடையும் குறைந்திருப்பாள், மனமும் சோர்ந்திருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் "அடையாளமே தெரியலையே" என்றால் அங்கேயே பேச்சை மாற்றிவிடுங்கள். தூக்கமும் சாப்பாடும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்காதீர்கள்.

நான் கவலைப்படுவது வேறு சிலவற்றுக்கு. அடங்கிய வீக்கம் மறுபடி ஏறுவது, சீழ், வாயில் கெட்ட ருசி, காய்ச்சல் என்றால் தகட்டைச் சுற்றித் தொற்று இருக்கலாம். சரியாகப் பொருந்திய பற்கள் முன்னால் விலகத் தொடங்கினால் தாடை நகர்ந்துகொண்டிருக்கலாம். இதில் எது வந்தாலும் ரிவ்யூ தேதிவரை காத்திருக்க வேண்டாம். மேல், கீழ்ப் பற்களை இணைத்து ரப்பர் பேண்ட் போடச் சொல்லியிருந்தால் ஒரு நாளும் விடக்கூடாது. முறுக்கு, சீடை எல்லாம் சர்ஜன் சரி என்ற பிறகுதான்.

இன்றே ஒன்று செய்யுங்கள். மரத்த இடத்தின் ஓரத்தை ஐப்ரோ பென்சிலால் கோடிட்டு ஒரு போட்டோ எடுங்கள். மாதம் ஒரு தடவை இப்படி எடுத்து, ரிவ்யூவுக்குப் போகும்போது அந்தப் படங்களை டாக்டரிடம் காட்டுங்கள்.