மாதத் தவணையை விடுங்கள், மொத்த விலையைக் கேளுங்கள்

பழைய கார் விலையைக் கேட்டால் "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்றே திருப்பிக் கேட்கிறார்கள், வாரண்டி எடுத்தால்தான் லோன் என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து இன்று கையெழுத்துப் போடாதீர்கள். தவணையைச் சொல்லிவிட்டால் மாதங்களை நீட்டி அந்தத் தொகைக்குள் எதையும் அடைத்துவிடலாம். 10 சதவீத வட்டியில் 100 ரூபாய் கடன் வாங்கினால் 36 மாதத்தில் வட்டி சுமார் 16, அதுவே 60 மாதம் என்றால் 27க்கு மேல். வாரண்டியையும் கடனில் சேர்த்தால் அதற்கும் வட்டிதான். அப்புறம், கடன் கொடுப்பவர் சொல்லும் வட்டிக்கு மேல் டீலர் கொஞ்சம் ஏற்றிச் சொல்வதும் உண்டு, அதனால் முதலில் உங்கள் வங்கியில் வட்டி எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு போங்கள். வாரண்டி கட்டாயம்தானா என்று கடன் கொடுக்கும் நிறுவனத்திடமே நேரடியாகக் கேளுங்கள்.

வாரண்டித் தாளில் முதலில் படிக்க வேண்டியது, எதற்கெல்லாம் கிடையாது என்ற பகுதி. கிளட்ச், பிரேக் பேட், டயர் போன்ற தேயும் பாகங்களும், வாங்கும்போதே இருந்த கோளாறும் பொதுவாக வாரண்டியில் வராது. செலவை ஏற்பது கார் கம்பெனியா, டீலரா, மூன்றாவது ஆளா என்றும் பாருங்கள். டீலருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்ட விடமாட்டோம் என்றால், சரி, அந்த வண்டியே வேண்டாம்.