அடிபம்போடு ஐந்து வாரம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

2019 ஜூன், ஜூலையில் நானும் என் மனைவியும், சாம்பியாவின் தலைநகர் லுசாகாவில் வேலை பார்க்கும் மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேத்தியோடு அந்த நாட்டின் கிழக்கு மாகாணத்திலும் மலாவியிலும் ஐந்து வாரம் தங்கி உதவிப் பணி செய்தோம். அதைப் பற்றி இந்த இதழில் நான் எழுதிய சிறு கட்டுரையைப் படித்துவிட்டு நிறையப் பேர் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். எல்லாருக்கும் தனித்தனியாக எழுத முடியவில்லை. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் ஓய்வுபெற்ற அடிபம்பு மெக்கானிக் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வேலைக்கு ஆப்பிரிக்காவில் என்ன தேவை இருந்தது?
*வாசகர், உடுமலைப்பேட்டை*

கட்டுரையில் இடம் போதாமல் நான் விட்டது இதைத்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முப்பத்தொரு வருடம் அன்னூர், அவிநாசி பக்கத்து ஊர்களில் அடிபம்பு பழுது பார்த்தவன் நான். நம் ஊர்த் தெருமுனையில் நிற்கும் அந்தப் பம்புக்குப் பெயர் 'இந்தியா மார்க் 2'. 1970-களில் யுனிசெஃப் உதவியோடு உருவாக்கி, கோவை மாவட்டத்து ஆழ்துளைக் கிணறுகளில் பொருத்திச் சோதித்துத் தேற்றிய இயந்திரம். பிறகு 1983 முதல் 1988 வரை இதே மாவட்டத்தில் இன்னொரு பெரிய சோதனையும் நடந்தது. தோல் வாஷருக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வாஷர் போட்டால் பல மடங்கு உழைக்கும் என்பது அதில்தான் உறுதியானது. நான் வேலைக்குச் சேர்ந்தது அந்தக் காலத்தில்தான். எத்தனை தோல் வாஷரை என் கையால் கழற்றி எறிந்திருப்பேன்!

லுசாகாவிலிருந்து கிழக்கே, அந்த மாகாணத்தின் தலைநகர் சிபாட்டா ஏறக்குறைய 570 கிலோமீட்டர். லுவாங்குவா பாலத்தைத் தாண்டி, பெட்டாவ்கே கடந்து, கட்டேட்டே போகும் வழியில் ஒரு பள்ளிக்கூடத்தருகே மகன் வண்டியை நிறுத்தினான். "அப்பா, அங்கே பாருங்க" என்றான். அதே பம்பு. அதே மூன்று கால், அதே கனத்த கைப்பிடி. ஆனால் கைப்பிடியில் துணி காயப் போட்டிருந்தார்கள்.

கிணறு வற்றவில்லை. அடித்தால் தண்ணீர் வரும், ஆனால் செக்கச் சிவந்து வரும். அதில் தேநீர் போட்டால் கறுத்துவிடும், களி கிண்டினால் பழுப்பாகிவிடும், வெள்ளைத் துணி கறை பிடிக்கும். "மண்ணில் இரும்பு இருக்கிறது" என்று ஊரார் அதை ஒதுக்கிவிட்டு, ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து ஓடைப் பள்ளத்தில் ஊற்றுத் தோண்டிக் குடித்தார்கள்.

அந்த வட்டாரத்துக்கு ஒரு பம்பு பழுதுபார்ப்பவர் உண்டு. சாம்பியாவில் அரசாங்கம் இப்படிக் கிராமத்து ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறது. சைக்கிளில் ஸ்பேனர்களைக் கட்டிக்கொண்டு வந்தார். என்னைவிட இருபது வயது இளையவர், வேலையில் எனக்கு ஒரு படி மேல். நாங்கள் இருவரும் பேச மொழி இல்லை. பைப் கிளாம்பை எப்படிப் பிடிக்கிறோம் என்பதிலேயே ஒருவரையொருவர் தெரிந்துகொண்டோம். பத்துப் பைப்பு, ஒவ்வொன்றும் மூன்று மீட்டர். உள்ளிருக்கும் ராடோடும் தண்ணீரோடும் நூறு கிலோவுக்கு மேல் வரும். ஊர் ஆண்களும் பெண்களும் சேர்ந்து இழுத்தார்கள். ஏழாவது பைப்பு வெளியே வந்தபோது அதில் விரல் நுழையும் ஓட்டை. பைப்புகளை இணைக்கும் த்ரெட் கையோடு பொடிந்து வந்தது.

மண்ணிலிருந்து வந்த இரும்பு அல்ல அது, பைப்பின் துரு. மாவட்ட நீர் அலுவலர் வந்து சோதித்தார். தண்ணீரின் பி.எச். 6-க்குக் கீழே. அவ்வளவு புளிப்புள்ள தண்ணீரில் துத்தநாகப் பூச்சு நிற்காது. அப்படிப் பூசிய ஜி.ஐ. இரும்புப் பைப்பு போட்டால் சில வருடத்தில் அரித்துவிடும். கொங்கு நாட்டுக் கடின நீரில் நன்றாக உழைத்த பைப்பு அங்கே தோற்றதற்குக் காரணம் இதுதான். துருப்பிடிக்காத எஃகுக் குழாய் வேண்டும், அல்லது பி.வி.சி. குழாய் வைத்த பம்பாக மாற்ற வேண்டும். இதெல்லாம் அந்தச் சைக்கிள்காரருக்கு நாங்கள் வருவதற்கு முன்பே தெரியும். அவரிடம் இல்லாதது குழாய் வாங்கப் பணம் மட்டுமே.

லுசாகாவிலிருந்து குழாய் வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று. பதினொரு ஊர் என்று பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்பிய நாங்கள் இரண்டே ஊரில் வேலையை முடித்தோம். அதற்காக நான் வருந்தவில்லை. பதினொன்றையும் தொட்டிருந்தால் பதினொன்றிலும் வாஷர் மட்டும் மாற்றிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு வந்திருப்போம். அடுத்த மழைக்குள் எல்லாம் மறுபடி சிவந்திருக்கும்.

எங்கள் மகளிர் குழுவில் நல்ல நிலையில் உள்ள பழைய துணிகள் பன்னிரண்டு மூட்டை சேர்த்திருக்கிறோம். ஆப்பிரிக்காவுக்கு எப்படி அனுப்புவது?
*வாசகி, நாகர்கோவில்*

அனுப்பாதீர்கள், சகோதரி. உங்கள் மனசு நோகும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

அங்கே பழைய துணிக்குப் பஞ்சமில்லை. மேல்நாடுகளிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்குகிறது. சாம்பியாவில் அதற்கு 'சலாவுலா' என்று பெயர், குவியலைக் கிளறிப் பொறுக்குவது என்று பொருள். மலாவியில் 'கௌஞ்சிகா'. சந்தைக்குச் சந்தை மலைபோல் கொட்டி விற்கிறார்கள். அதே சந்தையில் வரிசையாக மிதி தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் தையல்காரர்களையும் பார்த்தேன். பெண்கள் இடுப்பில் சுற்றும் 'சித்தெங்கே' துணியை வாங்கி அவர்களிடம் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் பள்ளிப் பிள்ளைக்குச் சட்டை தைத்துவிடுவார்கள். உங்கள் மூட்டைகளை இங்கேயே விற்று, அந்தப் பணத்தை அங்குள்ள ஒரு பள்ளிக்குச் சீருடைத் தையல் கூலியாக அனுப்பினால் பிள்ளைக்கும் துணி, தையல்காரர் வீட்டிலும் அடுப்பு எரியும்.

நான் ஓய்வுபெற்ற செவிலியர். உங்கள் மனைவியும் செவிலியர் என்று படித்தேன். அங்கே போய் சிகிச்சை கொடுக்க முடிந்ததா?
*வாசகி, தஞ்சாவூர்*

முடியவில்லை. முடியக் கூடாது என்பதும் சரிதான். அந்த நாட்டுச் செவிலியர் மன்றத்தில் பதிவு செய்யாமல் ஒரு ஊசி கூடப் போட முடியாது. வெளிநாட்டிலிருந்து யாரோ நமக்குத் தெரியாதவர் வந்து நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசியைக் கையில் எடுத்தால் நாம் விடுவோமா? என் மனைவிக்கு முதல் இரண்டு நாள் இது பெரிய மனவருத்தம். முப்பது வருடம் உழைத்த கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

மூன்றாம் நாள் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எடை பார்க்கும் முகாம். மாமரக் கிளையில் தராசைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு குழந்தையையும் கால்சட்டை போன்ற பையில் போட்டு மாட்டுகிறார்கள். அங்கே ஒரே ஒரு செவிலியர், எதிரே எண்பது தாய்மார். என் மனைவி அந்த அம்மாளிடம் போய், "பேரேடு எழுதட்டுமா?" என்று கேட்டார். அன்று மாலை வரை எழுதினார். அடுத்த வாரமும் அழைத்தார்கள். எடை குறைந்த பிள்ளைகளைத் தனியாகக் குறித்து வைத்தது அந்தச் செவிலியருக்குப் பெரிய உதவியாக இருந்ததாம். நீங்கள் போனால் இப்படி ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள்.

பிள்ளைகளை அழைத்துப் போகலாமா? அநாதை இல்லங்களுக்குக் கூட்டிப் போனால் அவர்களுக்கு இரக்கம் வளரும் அல்லவா?
*வாசகர், சென்னை*

பிள்ளைகளை அழைத்துப் போங்கள். அநாதை இல்லத்துக்கு வேண்டாம். ஒரு மணி நேரம் தூக்கிக் கொஞ்சிவிட்டு வண்டியேறிப் போகும் அந்நியர்கள் வாரத்துக்கு வாரம் வந்தால் அந்தக் குழந்தையின் மனசு என்ன ஆகும்? இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடுதான் இருக்கிறார்கள், வறுமைதான் பிரித்து வைக்கிறது. நாங்கள் தங்கிய ஊரில் எய்ட்ஸ் நோயால் நடுத்தலைமுறையை இழந்த பாட்டிமார்கள் நான்கு பேரன் பேத்திகளை வைத்துக்கொண்டு சோளம் பயிரிட்டார்கள். உதவி அந்தப் பாட்டியின் வீட்டுக்குப் போனால் குழந்தை வீட்டிலேயே வளரும்.

நாங்களும் முதல் நாள் ஒரு தவறு செய்தோம். பேத்தி ஆசையோடு வாங்கி வந்த பென்சில்களையும் மிட்டாயையும் வண்டிச் சன்னல் வழியாகவே கொடுக்க விட்டுவிட்டோம். நெரிசலில் ஒரு சிறுவன் விழுந்து உதடு கிழிந்தது. ஊர்த் தலைவர் வந்தார். கோபப்படவில்லை. "எங்கள் பிள்ளைகளை வண்டியின் பின்னால் ஓடப் பழக்காதீர்கள், ஆசிரியரிடம் கொடுங்கள்" என்றார். பேத்தி அன்று இரவு அழுதாள். மறுநாள் மிச்சத்தைத் தானே கொண்டுபோய்த் தலைமை ஆசிரியையிடம் இரு கையாலும் கொடுத்தாள்.

அதன் பிறகு அவளுக்குத் தோழிகள் கிடைத்தார்கள். மண்ணில் நான்கு வரிசை குழி தோண்டி, கொட்டைகளை வைத்து ஆடும் ஆட்டம் ஒன்று. மலாவியில் 'பாவோ' என்கிறார்கள். என் மனைவி பார்த்ததும், "இது நம்ம பல்லாங்குழிதானே!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். நம்முடையதில் இரண்டு வரிசைதான், ஆட்டமும் வேறு. ஆனாலும் கை பழகிய வேகத்தில் இரண்டு நாளில் பிடித்துக்கொண்டார்.

சைவர்கள் நாங்கள். சாப்பாடு?
*வாசகர், காரைக்குடி*

கவலையே வேண்டாம். வெள்ளைச் சோள மாவுக் களிதான் அங்கே சோறு. சாம்பியாவில் 'ன்ஷிமா', மலாவியில் 'ன்சிமா'. தொட்டுக்கொள்ளப் பூசணிக் கொழுந்தும் நிலக்கடலைப் பொடியும் சேர்த்த கீரை, அல்லது பீன்ஸ். வலக்கையில் உருட்டிச் சாப்பிட வேண்டும். ராகிக் களி தின்று வளர்ந்த எனக்கு இரண்டாம் வாய்க்குள் ஊர் நினைவு வந்துவிட்டது. சாலையோரம் விற்கும் ஆனைப்புளிப் பழத்தையும் விடாதீர்கள், இராமநாதபுரம் பக்கம் உள்ள அதே பெருக்க மரம்தான்.

ஐந்து பேர் பயணச் செலவை அப்படியே அனுப்பியிருந்தால் இன்னும் எத்தனை கிணறு சரியாகியிருக்கும்? கேட்பதற்கு மன்னிக்கவும்.
*வாசகி, ஈரோடு*

மன்னிப்பு எதற்கு? நான் என்னையே கேட்டுக்கொண்ட கேள்வி இது. எங்கள் இருவரின் விமானக் கட்டணம், இரண்டு கிணறுகளுக்கும் வாங்கிய குழாய்ச் செலவைவிட அதிகம். மகன் அங்கேயே இல்லாதிருந்தால் போயிருக்க மாட்டேன். பேரனைப் பேத்தியைப் பார்க்கப் போகிறவர்கள், அங்கே வேலையில் இருப்பவர்கள், கையில் தொழில் உள்ளவர்கள், அதுவும் அங்குள்ள ஒருவர் கேட்டு அழைத்தால், போகட்டும். மற்றவர்கள் பணத்தை அனுப்புங்கள். புதிதாகக் கிணறு தோண்ட அனுப்பாதீர்கள். புதுக் கிணற்றுக்குப் பெயர்ப்பலகை வைக்கலாம் என்பதால் கொடுக்கப் பலர் வருகிறார்கள். பழைய கிணற்றின் வாஷருக்கும் செயினுக்கும் பேரிங்குக்கும் கொடுக்க ஆள் இல்லை. சைக்கிளில் வரும் அந்த மனிதரின் கூலிக்கும் இல்லை. உங்கள் பணம் அதற்குப் போகட்டும்.

எந்த மாதம் போவது? எல்லை தாண்டுவது சிரமமா?
*வாசகர், பெங்களூர்*

மே முதல் ஆகஸ்ட் வரை. மழை இருக்காது, மண் சாலை காய்ந்திருக்கும், இரவில் ஸ்வெட்டர் வேண்டும். மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுப் புறப்படும் முன்பே தொடங்குங்கள், கொசுவலை இல்லாமல் படுக்காதீர்கள். சிபாட்டாவுக்கு அடுத்து மலாவி எல்லை, அங்கிருந்து மலாவியின் தலைநகர் லிலோங்வே இரண்டு மணி நேரம். சொந்த வண்டி என்றால் பல நாடுகளுக்கும் பொதுவான 'மஞ்சள் அட்டை' காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். விசா விதி அடிக்கடி மாறும், தூதரகத்தில் கேளுங்கள். எல்லையின் இரு பக்கமும் பணத்துக்கு 'குவாச்சா' என்றே பெயர், ஆனால் மதிப்பு வெவ்வேறு.

இப்போதும் அந்த ஊரோடு தொடர்பு உண்டா? நாங்கள் போனால் முதலில் என்ன சொல்ல வேண்டும்?
*வாசகி, திருச்சி*

உண்டு. 2024-இல் அங்கே கடும் வறட்சி. சாம்பியா, மலாவி இரண்டு நாடுகளுமே அதைத் தேசியப் பேரிடர் என்று அறிவித்தன, சோளம் கருகிப்போயிற்று. அந்த வருடம் பம்பைச் சுற்றி நாள் முழுக்கக் கூட்டமாம், செயின் தேய்ந்து அறுந்துவிட்டதாம். வீட்டுக்கு இவ்வளவு என்று மாதம் பிரித்து வைத்திருந்த பணத்தில் அவர்களே புதுச் செயின் வாங்கி மாட்டிவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து மகன் பேசும்போதுதான் எங்களுக்கே தெரிந்தது.

போனால், வாசலில் நின்று "ஓடி!" என்று குரல் கொடுங்கள். உள்ளிருந்து "ஓடினி" என்று பதில் வரும் வரை அடி எடுத்து வைக்க வேண்டாம். பெரியவர்கள் என்றால் கொஞ்சம் குனிந்து, உள்ளங்கைகளைக் குவித்து மெதுவாகத் தட்டி, "முலி ப்வாஞ்சி?" என்று நலம் கேளுங்கள். பாயைப் போட்டு உட்காரச் சொல்வார்கள். உட்காருங்கள். வந்த காரியத்தை அவர்கள் கேட்ட பிறகு சொல்லலாம்.