உப்புத் தண்ணீரிலும் சேற்றிலும் அலையாத்தி மரங்கள் எப்படிப் பிழைக்கின்றன?

நல்ல கேள்வி. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீரை வேறு செடிக்கு ஊற்றினால் வாடிவிடும். அலையாத்தி வகைகளில் ஒன்றான சுரபுன்னை பெரும்பாலான உப்பை வேரிலேயே வடிகட்டிவிடும்; இன்னொரு வகையான வெண்கண்டலோ உள்ளே வந்ததை இலைச் சுரப்பிகள் வழியாக வெளியேற்றும், வெயிலில் அந்த இலையைத் தடவினால் விரலில் உப்புப் பொடி ஒட்டும்.

ஆனால் உப்பைவிட மூச்சுதான் பெரிய சிக்கல் என்பேன். நீர் தேங்கிய சேற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட கிடையாது, அதனால் வெண்கண்டலின் மூச்சுவேர்கள் பென்சில்களை நட்டுவைத்தது போலச் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு, நுண்துளைகளில் காற்றை வாங்கி, அடியில் புதைந்த வேர்களுக்கு அனுப்புகின்றன. எவ்வளவு அழகான ஏற்பாடு!

அப்புறம் விதை. சுரபுன்னை விதை தாய்மரத்திலேயே முளைத்து, ஈட்டி போல நீண்டு தொங்கிய பிறகுதான் விழும். நீர் வற்றிய நேரமானால் சேற்றில் குத்தி நிற்கும், இல்லையென்றால் மிதந்துபோய் வேறு கரையில் வேர்விடும்.